கொடுவா பிடிக்க டெல்டாவுக்கு வருகிறீர்களா? காலண்டரில் அட்டமியைப் பாருங்கள்

[காட்சி: விடியற்காலை. பழையாறு, கொள்ளிடம் கடலில் சேரும் முகத்துவாரம்.]

வணக்கம். தூண்டிலோடு கிளம்பும் நம்மில் பலர் முதலில் பார்ப்பது லீவு, அடுத்து பஸ், அப்புறம் புது ராடு. தண்ணீரைப் பற்றிய நினைப்பு கரைக்கு வந்த பிறகுதான் வரும்.

நானும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நின்றேன். காலையிலிருந்து வீசியும் ஒரு கொத்து கிடையாது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அட்டமி அன்னிக்கு வந்திருக்கியே தம்பி, தண்ணி எங்க ஓடும்? அமாவாசைய ஒட்டி வா."

அட்டமி, நவமியில் எதையும் தொடங்காதே என்று எங்கள் பாட்டி சொல்வார். அவர் மீனை நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் இங்கே சரியாகப் பொருந்துகிறது.

[காட்சி: சிறு வாய்க்கால் ஒன்றிலிருந்து ஆற்றுக்குள் வடியும் தண்ணீர்.]

நாம் தேடி வந்திருப்பது கொடுவா. வங்காளத்தில் பெட்கி, ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்பதும் இதே மீன்தான். ஆறும் கடலும் கலக்கிற உப்புத் தண்ணீரில் வளரும், முட்டையிட முகத்துவாரத்துப் பக்கம் இறங்கும். மடவைக் குஞ்சு, இறால் என்றால் விடாது. ஆனால் துரத்திக்கொண்டு அலைகிற மீன் இல்லை, ஒளிந்திருந்து பிடிக்கிற மீன்.

வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்குவது, தொடங்கியதும் வாய்க்காலில் இருக்கும் இறாலும் குஞ்சும் தண்ணீரோடு வெளியே வரும். வாய்க்கால் ஆற்றில் சேரும் மூலையில், இழுப்புக்கு எதிராகத் தலையை வைத்துக் கொடுவா காத்திருக்கும். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அதிலும் அட்டமியை ஒட்டிய நாட்களில் இன்னும் குறைவு, இழுப்பே தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் தண்ணீர் நன்றாக ஓடும்.

அதனால் தினசரி காலண்டரை எடுத்து அமாவாசையைக் குறியுங்கள், லீவை அதற்கு ஏற்ற மாதிரி கேளுங்கள். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். செல்போன் செயலி காட்டுவது துறைமுகத்து நேரம். ஆற்றுக்குள் போகப் போக அது இன்னும் தாமதமாகும், அந்தக் கணக்கு உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

[காட்சி: மேட்டூர் அணை, ஷட்டர்கள்.]

அடுத்து மேட்டூர். நானூறு மைல் தள்ளி இருப்பதுபோல் அதை ஒதுக்கிவிடாதீர்கள். அணை 120 அடியை எட்டி உபரி நீர் திறந்தால், அது முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பி, நேராக இந்த முகத்துவாரத்துக்குத்தான் வரும். தண்ணீர் செம்மண் கரைசலாகிவிடும், கரையும் ஆபத்து. அந்த வாரம் பழையாறை மறந்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், புயல் எச்சரிக்கையும் வரும். பொங்கல் கழிந்து தண்ணீர் தெளிந்த பிறகு, வெயில் ஏறும் சித்திரைக்கு முன்னால் வருவதுதான் என் தேர்வு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு அது இல்லை.

இடம்? பழையாறு, பூம்புகார், காரைக்காலில் அரசலாறு. முத்துப்பேட்டை அழகு, ஆனால் அலையாத்திக் காடு வனத்துறையிடம் இருக்கிறது. அனுமதி வாங்காமல் உள்ளே போகாதீர்கள். கோடியக்கரை சரணாலயம் வேண்டவே வேண்டாம். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலை உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று வீசுகிற ஆசையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

[காட்சி: உள்ளங்கையில் துள்ளும் இறால், நெருக்கத்தில்.]

சாமான்களை நீட்டி முழக்க மாட்டேன். 7 அடி ராடு, 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), முனையில் 40 பவுண்டு நைலான் நரம்பு. லூர் என்கிற செயற்கை இரை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் தடவைக்கு உயிர் இறால்தான்.

இதைக் கிட்டத்தில் பாருங்கள். இறாலின் தலைக்குள் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறதா? தூண்டில் முள் அதைத் தொட்டால் இறால் அங்கேயே செத்துவிடும். அதற்கு முன்னால், கொம்புக்கு அடியில், மேலோட்டை மட்டும் மெல்லக் குத்தி எடுங்கள். இப்படி மாட்டினால் வெகுநேரம் நீந்தும். ஈயக்குண்டைச் சிறிதாக வைத்து, தண்ணீர் இழுக்கிற பக்கமே விடுங்கள்.

கொடுவா இரையை உறிஞ்சும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அடுத்த நொடி ஆகாயத்தில் தலையை உதறும். நரம்பைத் தளர விடாதீர்கள்.

[காட்சி: கொடுவாயின் செவுள் மூடி.]

செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. இந்த விரல் தழும்பு அது கொடுத்ததுதான். வெறுங்கையை உள்ளே விட்டேன். இடுக்கியும் ஈரத்துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே வளரத் தொடங்கும், பெரிதான பிறகு பெண்ணாக மாறும். பெரிய மீன் சிக்கினால் அது பெரும்பாலும் முட்டைக்காரி. குழம்புக்கு ஒன்றிரண்டு கிலோ மீனே போதும், ருசியும் அதில்தான். பெரியதைப் படம் எடுத்துவிட்டு, தலையை இழுப்புக்கு எதிராக வைத்துத் தண்ணீரில் பிடித்துக்கொள்ளுங்கள். வால் ஒருமுறை பலமாக அடிக்கும். அப்போது கையை எடுத்துவிடுங்கள்.