முகமூடிக்குள் யார்? ஒரு விமானப் போர்த் தொடரும் பார்வையாளர் புகார்களும்

அவையோருக்கு வணக்கம்.

2024 ஜனவரி 26 முதல் மார்ச் 15 வரை ஒன்பது பகுதிகளாக வந்தது ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்’. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் தார்ப் அபட்ஸ் என்ற தளத்திலிருந்து ஜெர்மனிமீது பறந்த அமெரிக்காவின் 100-ஆவது குண்டுவீச்சுக் குழுவின் கதை. தொடரின் நடிப்பையும் இசையையும் பேசப் பலர் இருக்கிறார்கள். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இன்று எடுத்துக்கொள்கிறேன். நான்கைந்து புகார்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் பாதி, உண்மையில் அவர்கள் ஓட்டிய பி-17 என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிய புகார்கள். அது எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் அவை தாமாகவே விழுந்துவிடும். மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் புகார்: “எல்லோரும் முகமூடி போட்டிருக்கிறார்கள், யார் யாரென்றே பிடிபடவில்லை, பேசுவதும் புரியவில்லை.”

பி-17 ஏறத்தாழ 25,000 அடியில் பறந்தது. அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுதான் அதிகம். விமானத்துக்குள் அழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது. ‘இடுப்பு’ எனப்பட்ட நடுப்பகுதியில் துப்பாக்கிகளுக்கான ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. வெளியே மைனஸ் 40 டிகிரி என்றால் உள்ளேயும் அதே மைனஸ் 40தான். முகமூடியின் ஆக்சிஜன் குழாய் கழன்றால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் தெளிவு போய்விடும். கொடுமை என்னவென்றால், அப்படிப் போகிறவனுக்கு மூச்சுத் திணறாது. சுகமாக, தூக்கம் வருவதுபோல் இருக்கும். அதனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் இண்டர்காமில் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிடுவார். பதில் வராத இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கைச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

முகமூடியே இன்னொரு ஆபத்து. மூச்சுக் காற்றின் ஈரம் முகமூடிக்குள் உறைந்து பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். அடிக்கடி கையால் பிசைந்து அதை உடைக்க வேண்டும். அந்தக் கையிலோ மின்சாரத்தால் சூடேறும் கையுறை. சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்ய அதைக் கழற்றினால், வெறும் விரல் உலோகத்தில் பட்ட இடத்தில் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். பனிக்கடியால் மருத்துவமனைக்குப் போனவர்கள் அந்த விமானப்படையில் ஆயிரக்கணக்கில் உண்டு.

முகம் தெரியட்டும் என்று முகமூடியைக் கழற்றிக் காட்டியிருந்தால் இது பொய்த் தொடராகியிருக்கும். ஆளை அடையாளம் காண வேறு வழி இருக்கிறது: முகத்தை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். விமானத்தில் பத்துப் பேர். மூக்கின் கண்ணாடிக்குப் பின்னால் குண்டு வீசுபவர், அவருக்குப் பின்னே சிறு மேசையோடு வழி கணிக்கும் நேவிகேட்டர். மேலே இடது இருக்கையில் விமானி, வலது இருக்கையில் துணை விமானி. இருவருக்கும் பின்னால் நின்றுகொண்டிருப்பவர் ஃப்ளைட் இன்ஜினியர், மேலே உள்ள டரட்டும், அதாவது சுழலும் துப்பாக்கிக் கூண்டும், அவருடையதே. பிறகு குண்டு அறை, அதன் நடுவே ஒரு சாண் அகலப் பலகைதான் நடைபாதை. அதைத் தாண்டினால் ரேடியோக்காரர், வயிற்றுக்குக் கீழே பந்து போன்ற டரட்டில் ஒருவர், இடுப்பில் இருவர், வாலில் ஒருவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியை மறுபடி பாருங்கள், குழப்பத்தில் பெரும்பகுதி தீரும்.

அதே மூன்றாம் பகுதியில் வேறொரு கேள்வியும் எழுந்தது. பந்து டரட்டில் மாட்டிக்கொண்ட இளைஞனை ஏன் வெளியே எடுக்க முடியவில்லை? அந்த டரட்டின் கதவு எல்லா நிலையிலும் விமானத்துக்குள் திறந்துவிடாது. இரண்டு துப்பாக்கிகளும் நேர் கீழே தரையைப் பார்க்கும்படி டரட்டைச் சுழற்றினால்தான் கதவு மேலே, விமானத்தின் உட்பக்கத்துக்கு வரும். மின்சாரம் போனால் கைப்பிடியால் சுழற்றலாம். ஆனால் குண்டுச் சிதறல் பட்டுப் பல்சக்கரம் நெளிந்துவிட்டால் கைப்பிடியும் நகராது. உள்ளே இடம் போதாததால் அங்கே இருப்பவர் பாராசூட் அணிவதில்லை. அது மேலே, விமானத்துக்குள் மாட்டியிருக்கும். முதலில் டரட் சுழல வேண்டும், பிறகு கதவு திறக்க வேண்டும், அவர் மேலே ஏறி வர வேண்டும், பாராசூட்டை மாட்ட வேண்டும், கடைசியில் குதிக்க வேண்டும். விமானம் எரியும்போது இத்தனைக்கும் நேரமில்லை. நண்பனை விட்டுவிட்டுக் குதித்த அந்தப் பாத்திரத்தைக் கோழை என்று சிலர் சொன்னது மனத்தை வருத்தியது. அவன் கைக்கு எட்டியது அந்தக் கைப்பிடி ஒன்றுதான், அது அசையவில்லை.

அடுத்த புகார் இதைவிட அதிகம் கேட்டது: “பீரங்கி வெடிக்கும் புகைக்குள் ஏன் இப்படி நேராகப் பறக்கிறார்கள்? வளைத்து ஓட்டித் தப்பக் கூடாதா?”

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அந்தப் போரின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

இலக்கை நெருங்கும் முன் வரைபடத்தில் ஒரு திருப்புமுனைப் புள்ளி குறித்திருப்பார்கள். அதைத் தாண்டியதும் இலக்குவரை நேர்கோடு. குண்டு வீசுபவரிடம் நார்டன் குறிகாட்டி. உயரம், வேகம், குண்டின் தன்மை ஆகியவற்றை அதில் ஏற்றிவிட்டு, தொலைநோக்கியில் தெரியும் இரண்டு குறுக்குக் கோடுகளும் இலக்கைவிட்டு நகராதபடி திருகுகளைச் சரிசெய்துகொண்டே இருப்பார். அந்தக் கருவி தானியங்கி ஓட்டுமுறையோடு இணைந்திருக்கும், ஆகவே அந்த நிமிடங்களில் விமானத்தைத் திருப்புகிறவர் விமானியாக இருக்க மாட்டார், குண்டு வீசுபவராகவே இருப்பார். 25,000 அடியிலிருந்து குண்டு தரையைத் தொட நாற்பது விநாடிக்கு மேல் ஆகும். விமானம் விநாடிக்கு நூறு மீட்டர் போகிறது. அப்படியென்றால் இலக்குக்கு நான்கு கிலோமீட்டர் முன்பே குண்டு கழல வேண்டும். வேகக் கணக்கில் மணிக்கு 5 கிலோமீட்டர் பிசகினால் தரையில் ஐம்பது மீட்டருக்கு மேல் விலகும். ஒரு தொழிற்சாலைக் கூரையைத் தவறவிட அது போதும்.

சரி, ஒரு விமானமாவது விலகிப் போகலாமே? அதுவும் முடியாது. பதினெட்டு விமானங்கள் மேல், நடு, கீழ் என்று அடுக்கடுக்காகப் பறக்கும். ஒன்றின் பார்வையற்ற பகுதியை இன்னொன்றின் துப்பாக்கி காக்கும். ஒருவர் சட்டென்று வளைத்தால் பக்கத்தில் இருப்பவரோடு மோதுவார், அல்லது கூட்டத்தைவிட்டுத் தனியாகிவிடுவார். தனியான விமானத்தைத்தான் ஜெர்மன் ஃபைட்டர்கள், அதாவது சண்டை விமானங்கள், தேடிக்கொண்டிருந்தன. போரின் நடுக்கட்டத்திலிருந்து முன்னணி விமானம் குண்டு போடுவதைப் பார்த்துப் பின்னால் வருபவர்கள் போடுவதே வழக்கமாயிற்று. ஒருவர் கண்ணை நம்பித்தான் மற்ற அத்தனை பேரும் அந்தப் புகைக்குள் நேராகப் போனார்கள்.

பிரிட்டனின் லங்காஸ்டர் விமானங்கள் வளைந்து சுழன்று தப்பும் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அவை இரவில், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பறந்தன. பக்கத்தில் மோத ஆளில்லை. பகலில் அணிவகுத்தவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

“ஃபைட்டர்கள் வீடியோ கேம் மாதிரிப் பாய்கின்றன” என்ற குறையில் பாதி உண்மை. சில காட்சிகளில் கேமரா எந்த விமானமும் போக முடியாத பாதையில் சுற்றுகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். எதிர்முகமாக வரும் ஜெர்மன் ஃபைட்டரான ஃபோக்கவுல்ஃப் மணிக்கு 550 கிலோமீட்டர், பி-17 மணிக்கு 360. இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 250 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புள்ளியாகத் தெரிவது நான்கு விநாடியில் தலைக்கு மேல் போய்விடும். 1943-இல் பறந்த பி-17எஃப் ரகத்துக்கு மூக்கில் போதிய துப்பாக்கி இல்லை என்பதை ஜெர்மானியர்கள் கண்டுகொண்டுதான் நேர் முன்னாலிருந்து வந்தார்கள். பிறகு வந்த ஜி ரகத்தில் தாடைக்குக் கீழே இரட்டைத் துப்பாக்கி டரட் வந்தது இதனால்தான்.

துப்பாக்கியாளர்கள் “தவறாகக் குறி வைக்கிறார்கள்” என்ற புகாருக்கும் ஒரு விளக்கம் உண்டு. ஓடுகிற மானுக்கு முன்னால் குறி வைக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். இங்கே அது தலைகீழ். பக்கவாட்டில் சுடும் தோட்டா, விமானத்தின் முன்னோக்கிய வேகத்தையும் சுமந்துகொண்டு போகிறது. பக்கத்திலிருந்து வளைந்து நம்மை நோக்கி வரும் ஃபைட்டருக்கும் நம் விமானத்தின் வாலுக்கும் இடையில் குறி வைத்தால்தான் படும். பயிற்சிப் பள்ளியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள், ஏனென்றால் கை எப்போதும் எதிர்ப்பக்கமே போகும். அத்தனை பயிற்சிக்குப் பிறகும் பட்டது குறைவு. 1943 ஆகஸ்ட் 17 அன்று ரேகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபர்ட் தாக்குதலில் வீழ்த்தியதாகச் சொன்ன ஃபைட்டர்கள் 288. ஜெர்மானியர்கள் உண்மையில் இழந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே விமானத்தை எட்டுப் பேர் சுட்டு, எட்டுப் பேரும் தமதென்று நம்பினார்கள். அன்று அமெரிக்கர்கள் இழந்தது 60 விமானங்கள். ரேகன்ஸ்பர்க் வரிசையின் கடைக்கோடியில், தாழ்வான இடத்தில் பறந்த 100-ஆவது குழு மட்டும் ஒன்பதை இழந்தது.

“முக்கியப் பாத்திரங்களைச் சட்டென்று கொன்றுவிடுகிறார்கள், நாயகர்கள் பாதியிலேயே பறப்பதை நிறுத்திவிடுகிறார்கள்” என்று வருந்தியவர்கள் நிறையப் பேர். இதைத் திரைக்கதையின் குற்றமாகச் சொல்ல முடியாது. கர்டிஸ் பிடிக் இறந்தது அந்த ரேகன்ஸ்பர்க் நாளில்தான். கேல் கிளெவன் 1943 அக்டோபர் 8 அன்று பிரெமன் தாக்குதலில் விழுந்தார். அவருடைய நண்பர் ஜான் ஈகன் இரண்டே நாள் கழித்து மூன்ஸ்டரில் விழுந்தார். இருவரும் உயிர் தப்பி, சகான் நகரில் இருந்த ஜெர்மன் போர்க்கைதி முகாமில் சந்தித்துக்கொண்டார்கள். எழுத்தாளர் கட்டிய சந்திப்பு என்று நினைக்கத் தோன்றும், நடந்தது அதுவே. மூன்ஸ்டருக்கு அந்தக் குழுவிலிருந்து போன 13 விமானங்களில் திரும்பியது ஒன்று, ராபர்ட் ரோசன்தால் ஓட்டியது. முதலில் 25 முறை பறந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது. 1944-இல் அதை 30 ஆக்கி, பிறகு 35 ஆக்கினார்கள். ரோசன்தால் 52 முறை பறந்தார்.

இனி நியாயமான குறைகள்.

பிரிட்டிஷ் பார்வையாளர்களின் மனத்தாங்கலை நான் முழுமையாக ஏற்கிறேன். மதுக்கடையில் சண்டைக்கு வரும் திமிர் பிடித்த ஆட்களாகவே அவர்களுடைய விமானப்படையைத் தொடர் காட்டுகிறது. இரவில் பறந்த அந்தப் படையில் பணியாற்றிய சுமார் 1,25,000 விமானக் குழுவினரில் 55,573 பேர் இறந்தார்கள். சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானத்திலிருந்து ஏறத்தாழப் பாதிப் பேர் உயிரோடு குதித்தார்கள், லங்காஸ்டரில் ஏழு பேருக்கு ஒருவர்தான். வெளியேறும் வாசல் குறுகலாக இருந்தது அதற்கு ஒரு பெரிய காரணம். ஒரு காட்சியிலாவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பின விமானிகளான டஸ்கீகி விமானிகளை எட்டாம் பகுதியில்தான் கொண்டுவருகிறார்கள், அதுவும் அவசரமாக. இத்தாலியிலிருந்து பறந்த 332-ஆவது ஃபைட்டர் குழுவின் அலெக்சாண்டர் ஜெஃபர்சன் 1944 ஆகஸ்ட் 12 அன்று தெற்கு பிரான்சில் விழுந்து அதே சகான் முகாமுக்குப் போனார். சொந்த நாட்டு ராணுவத்தில் தனித் தளம், தனி உணவறை என்று ஒதுக்கப்பட்ட ஒரு கறுப்பின விமானி, எதிரியின் முகாமில் வெள்ளையர்களோடு ஒரே அறையில் படுத்தார். இதற்கு ஒரு முழுப் பகுதி கொடுத்திருந்தாலும் மிகையாகாது.

தரையில் இருந்தவர்களைப் பற்றிய குறைதான் எனக்கு மிகவும் வலிப்பது. மூன்ஸ்டரில் குறிவைத்தது நகரின் மையத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. துல்லியமான குண்டுவீச்சு என்று பெருமையாகச் சொல்லப்பட்டதில், போர் முடிந்தபின் அமெரிக்க அரசே நடத்திய ஆய்வின்படி, குறிப்புள்ளியைச் சுற்றி ஆயிரம் அடி வட்டத்துக்குள் விழுந்தவை ஐந்தில் ஒரு பங்குதான். மற்றவை எங்கே விழுந்தன? வீடுகளில், வயல்களில், பதுங்கு அறைகளில். தொடர் இந்தக் கேள்வியை விமானிகளின் பேச்சில் எழுப்பிவிட்டுச் சீக்கிரமே நகர்ந்துவிடுகிறது. கேட்டவர்கள் சரியாகவே கேட்டார்கள்.

கடைசியாக, பெரும்பாலோர் கவனிக்காத ஒரு விடுபடல். விமானத்தின் அடியில் நின்ற மெக்கானிக்குகள். தொடர் ஓர் இளம் குழுத் தலைவரைக் காட்டுகிறது, அதற்கு நன்றி. ஆனால் வேலையைக் காட்டவில்லை. ஓர் இன்ஜினுக்கு ஒன்பது சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். நான்கு இன்ஜினுக்கும் சேர்த்து 72. அவற்றைத் திறந்த வெளியில், மழையில், இருட்டில், விறைத்த விரலால் கழற்றி மாட்ட வேண்டும். எண்ணெய்க் குழாயில் ஒரு சிறு ஓட்டையை விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அடிபட்ட இன்ஜினின் ப்ரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்புவது அந்த எண்ணெயின் அழுத்தம்தான். எண்ணெய் ஒழுகிப் போயிருந்தால் இதழ்கள் திரும்பாது. காற்று அதைக் கட்டுக்கடங்காமல் சுற்றும், விமானம் அதிரும், கடைசியில் அந்த ப்ரொப்பெல்லரே பிய்ந்து பறக்கும். “மூன்று இன்ஜினில் வரலாமே” என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

விடியற்காலையில் விமானத்தை அனுப்பிவிட்டு, பிற்பகலில் ஓடுபாதை ஓரத்தில் நின்று, திரும்பி வருபவற்றை அவர்கள் எண்ணுவார்கள். சிவப்பு வெளிச்சம் சுட்டபடி வருவதில் காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள், அதற்கு முதலில் வழி. எல்லாம் இறங்கிய பிறகும், தன் விமானம் நிற்க வேண்டிய இடம் காலியாகவே இருக்க, கருவிப் பெட்டியை மூடாமல் இருட்டும்வரை அங்கேயே நின்றவர்கள் உண்டு. மறுநாளே புது விமானம் அந்த இடத்துக்கு வரும். அதன் 72 பிளக்குகளையும் அவர்களே சோதிப்பார்கள்.