ஆடுகிற சுவரும் ஆடாத முகமும்

நண்பர்களுக்கு வணக்கம். இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள், ஒரு மோசமான நாடகத்தைப் பற்றிக் கேட்பதற்கு. அதுவும் வேண்டுமென்றே மோசமாக எடுத்த தொலைக்காட்சி நாடகம். ஆனால் அந்த மோசத்துக்குள்ளேயே ஒரு மாய உலகம் இருக்கிறது என்பது என் கட்சி.

2004இல் பிரிட்டனின் சேனல் 4இல் ஆறே ஆறு பகுதிகள் வந்த ‘கார்த் மரெங்கியின் டார்க்பிளேஸ்’தான் அது. கார்த் மரெங்கி ஒரு திகில் எழுத்தாளர். தன்னை மகாமேதை என்று நம்புகிறவர். 1980களில் அவரே எழுதி, இயக்கி, டாக்டர் வேஷமும் கட்டிய ஒரு தொடரை அப்போது யாரும் ஒளிபரப்பவில்லையாம். பெரு நாட்டில் கொஞ்ச நாள் ஓடியதோடு சரி. இப்போது தூசி தட்டிப் போடுகிறார்கள். நடுநடுவே நடிகர்கள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த நாட்களை நினைத்து உருகுகிறார்கள்.

அத்தனையும் பொய். கார்த் என்று ஒருவர் கிடையாது. மேத்யூ ஹோல்னஸ் போட்ட வேஷம். மேடையில் ஏற்கெனவே பழுத்த வேஷமும்கூட. இதே பாத்திரத்தை வைத்துப் போட்ட ‘நெதர்ஹெட்’ 2001இல் எடின்பரோ விழாவில் நகைச்சுவைக்கான பெரியர் விருது வாங்கியது.

கதை நடப்பது ராம்ஃபோர்டில் ஓர் ஆஸ்பத்திரியில். அடியில் நரகத்தின் வாசல். ஆட்கள் குரங்காக மாறுகிறார்கள். துரத்தல் காட்சிக்குக் கார் எடுக்கப் பணமில்லை போலிருக்கிறது, சைக்கிளில் துரத்துகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தவர் டீன் லேர்னர். கதைப்படி அவர் கார்த்தின் பதிப்பாளர். நடிப்பு சுத்தமாக வராது. ஆஸ்பத்திரி நிர்வாகியாக நிற்க வைத்துவிட்டார்கள். வசனத்தை முடித்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. கண் மெல்லக் கேமராவைத் தேடிப்போகும். இந்த வேஷத்தைப் போட்ட ரிச்சர்ட் அயோவாடிதான் ஆறு பகுதிகளையும் நிஜத்தில் இயக்கியவர். கண் எத்தனை நொடி தப்ப வேண்டும் என்பதுவரை கணக்குப் போட்டவர் அவர். நன்றாகப் பாடுகிறவர் வேண்டுமென்றே அரை சுருதி விலகிப் பாடிப் பார்க்கட்டும், கஷ்டம் புரியும்.

சரி, அசட்டுத்தனத்தைக் கிண்டல் செய்வது எப்படி மாய உலகமாகிறது? நம் கனவை நினைத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று உட்கார்ந்திருப்பார். வாய் அசையும், குரல் வேறெங்கிருந்தோ வரும். காசில்லாத தொலைக்காட்சியிலும் இதேதான் நடக்கும். காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி பார்க்க ஆளில்லை, திரும்ப எடுக்க நேரமில்லை. இன்னொரு நடிகர் மேட் பெர்ரியின் பாத்திரத்துக்கு டப்பிங்கில் ஒட்டவைத்த கனத்த குரல் உதட்டோடு சேராமல் மிதக்கும். இன்னொன்று: பகுதிகள் நீளம் போதாமல் போய்விட்டதாம், அதனால் வசனமில்லாத இடங்களை ஸ்லோ மோஷனில் இழுத்தார்களாம். டீன் லேர்னர் இதைப் பெருமையாகவே சொல்கிறார். ஒருவர் தாழ்வாரத்தில் சும்மா நடந்து போவதுகூட இப்படி இழுக்கப்பட்டால் கனவு போலத்தான் ஆகிவிடுகிறது. இதற்காகத் தனியாக யாரும் கற்பனையைக் கசக்கவில்லை. பட்ஜெட் பற்றாக்குறைக்குள் ஏற்கெனவே இருந்த விசித்திரத்தை எடுத்து முன்னால் வைத்தார்கள், அவ்வளவுதான்.

பிரிட்டனில் இது முதல் முயற்சியும் இல்லை. 1964இல் தொடங்கிய ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற மோட்டல் தொடர், ஆரம்பத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் ஓடியது. அந்த ஓட்டத்தில் செட்டில் நிற்கிற சுவர் ஆடினால்தான் என்ன? 1985இல் நகைச்சுவை எழுத்தாளர் விக்டோரியா வுட் அந்தச் சாயலைக் கிண்டல் செய்து ‘ஏகார்ன் ஆன்டீக்ஸ்’ எழுதினார். அதில் நடிகை ஜூலி வால்டர்ஸ் வேலைக்காரம்மாவாக வந்து, ஆடிக்கொண்டே தேநீர்த் தட்டைத் தூக்கி வருவார். அந்த நடையைப் பற்றி மட்டும் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம்; இன்று வேண்டாம்.

சுவரை ஆட்டிவிட்டால் போதும் என்று நினைத்துக் கெட்டவர்களும் உண்டு. நடிகர் நம்மைப் பார்த்து ஒரு தடவை கண்ணடித்துவிட்டால் போச்சு. சுவர் ஆடலாம், முகம் ஆடக்கூடாது. கார்த்துக்குத் தன் தொடர் காவியம். அந்த நம்பிக்கையில் ஒரு விரிசலும் விழுவதில்லை. என் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் ராஜாவின் மீசை பாதி கழன்று தொங்கியது. ராஜா கவனிக்காமல் தீர்ப்பு சொல்லிக்கொண்டே போனான். அரங்கமே உருண்டது. ஒட்டிக்கொள்ளக் கையைத் தூக்கினான் பாருங்கள், அந்த நிமிடமே சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறு பகுதிகளோடு நின்றது நல்லதுக்குத்தான் என்பேன். பின்வரிசையில் இரண்டு பேர் இதற்காக என்னோடு சண்டைக்கு வருவார்கள், தெரியும். அப்புறம் வைத்துக்கொள்வோம்.

இப்போது விளக்கை அணையுங்கள், இரண்டாவது பகுதியைப் போடுகிறேன். பெண் டாக்டரின் மனசக்தியால் பொருட்கள் பறக்கிற கதை. ஸ்டேப்ளர் பறந்து வரும்போது ஸ்டேப்ளரைப் பார்க்காதீர்கள். அதற்குக் கொஞ்சம் மேலே பாருங்கள்.