ஹாங்காங் மொட்டைமாடியின் பக்கம் நின்று பேசுகிறேன்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். மனதில் நிற்பது ஹாங்காங் மூலமா, ஹாலிவுட் மறுஆக்கமா? 2002-இல் ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் சேர்ந்து இயக்கிய 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' ஒரு பக்கம். அதை பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய் 2006-இல் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த 'தி டிபார்ட்டட்' இன்னொரு பக்கம். பார்க்காதவர்களுக்காகக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன், முடிவையும் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரன் ஒருவன் ரவுடிக் கூட்டத்துக்குள் ரவுடியாக வாழ்கிறான். ரவுடியின் ஆள் ஒருவன் போலீசுக்குள் அதிகாரியாக வாழ்கிறான். இருவருக்கும் ஒரே வேலைதான், நமக்குள் ஒளிந்திருக்கும் அந்த இன்னொருவன் யார் என்று கண்டுபிடிப்பது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஆஸ்கர் பட்டியலை வாசித்தார். சிறந்த படம், சிறந்த இயக்கம், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு என்று நான்கு. உண்மைதான், மறுக்கவில்லை. ஸ்கார்செஸிக்கு அந்த விருது எப்போதோ கிடைத்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அதே ஆஸ்கர் மேடையில் இந்தப் படத்தின் மூலத்தைச் சொல்லும்போது அறிவிப்புக் குரல் 'ஜப்பானியப் படம்' என்று சொன்னதையும் நண்பர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஹாங்காங் எங்கே, ஜப்பான் எங்கே? உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில் பெற்ற பிள்ளையின் ஊரை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் ஐயா! ஹாங்காங்கில் அந்தப் படத்தை உயிரைக் கொடுத்து எடுத்தவர்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அதை விட்டுவிடுகிறேன். நண்பர் இன்னொன்று சொன்னார், அதற்குத்தான் அரங்கம் அதிர்ந்தது. "மூலம் மூலம் என்று பேசுகிறவர்கள் படம் பார்ப்பதில்லை ஐயா, படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும் என்றால் நூலகத்துக்குப் போகலாமே!"

அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் வைத்திருந்த குறிப்புகளை அப்போதே மடித்து வைத்துவிட்டேன். இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும் எனக்கு.

ஏனென்றால் அந்தக் கீழே ஓடுகிற எழுத்தை நான் எனக்காகப் படிக்கவில்லை. என் அப்பாவுக்காகப் படித்தேன்.

அப்பா எலக்ட்ரீஷியன். எனக்கு 4 வயதாக இருக்கும்போது சவுதி போனார், தம்மாமுக்கு. திரும்பி ஊரோடு வந்து சேரும்போது எனக்கு 15. அவருக்கு இந்தி தெரியும், அரபி கொஞ்சம் தெரியும், ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது. ஊருக்கு வந்த புதிதில் அவருக்கும் எனக்கும் பேச ஒன்றும் இருக்காது. என்ன படிக்கிறாய், நல்லாப் படி, சாப்பிட்டாயா, அவ்வளவுதான். அப்போது நான் ஒரு கடையிலிருந்து டிவிடி வாடகைக்கு எடுத்துவருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தப் படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், அவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன படம்?" "ஹாங்காங் படம்ப்பா, போலீஸ் கதை." "என்ன சொல்றாங்கன்னு சொல்லு, நானும் பாக்குறேன்." சரி என்று எழுத்து ஓட ஓட நான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நண்பர் கவனிக்க வேண்டும், முதல் கால் மணி நேரத்தில் நான் வாயைத் திறக்கத் தேவையே இல்லாத இடங்கள் இரண்டு வந்தன.

ஒன்று அந்த ஸ்டீரியோ கடை. ரவுடியாக நடிக்கும் போலீஸ்காரன் டோனி லியுங் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போலீசாக நடிக்கும் ரவுடி ஆண்டி லாவ் ஸ்பீக்கர் வாங்க வருகிறார். ஒருவருக்கு ஒருவர் யார் என்று தெரியாது. கேட்டுப் பாருங்கள் என்று சாய் சின் பாடிய பழைய பாட்டு ஒன்றைப் போடுகிறார், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. இனிமேல் ஒருவனை ஒருவன் வேட்டையாடப்போகிற இரண்டு பேர், ஒரே பாட்டில் ஒரு நிமிஷம் இளைப்பாறுகிறார்கள். 'தி டிபார்ட்டட்' படத்தில் இந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள், கிடையாது. அங்கே போலீஸ்காரனாக வரும் டிகாப்ரியோவையும் ரவுடியின் ஆளாக வரும் மேட் டேமனையும் இணைப்பதற்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். மூலத்தில் தனித்தனியாக இருந்த மனநல மருத்துவரையும் அதிகாரியின் துணையையும் ஒன்றாக்கி, இருவருக்கும் ஒரே காதலி என்று வைத்தார்கள். கதைக்கு அது சுலபமான வழி. ஹாங்காங்கில் ஒரு பாட்டு போதுமாக இருந்தது.

இரண்டாவது அந்தச் சந்து. தான் போலீஸ்தான் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும் என்ற நிலையில் டோனி லியுங் வாழ்கிறார், ஒருவர் பயிற்சிப் பள்ளித் தலைவர், இன்னொருவர் மேலதிகாரி வோங். அந்தப் பள்ளித் தலைவர் இறந்துபோகிறார். இறுதி ஊர்வலம் சாலையில் போகிறது. சீருடை போட்டவர்கள் எல்லோரும் அங்கே நிற்க, இவர் மட்டும் ஒரு சந்துக்குள் யார் கண்ணிலும் படாமல் நின்று சல்யூட் அடிக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாவாகவே சொன்னார், "பாவம்டா, பக்கத்துல போய்க் கும்பிடக்கூட முடியல."

எழுத்துப் படித்தா இது புரிந்தது?

அப்புறம் அந்த மொட்டைமாடி. மேலதிகாரி வோங்கும் டோனி லியுங்கும் ரகசியமாகச் சந்திக்கும் இடம். வோங்காக நடித்தவர் அந்தோனி வோங். எனக்கு எப்போது இந்த வாழ்க்கை முடியும் என்று டோனி லியுங் கத்துகிறார். நான் வாசித்துச் சொன்னேன். "மூணு வருஷம்னு சொன்னீங்க. அப்புறம் இன்னொரு மூணு வருஷம்னீங்க. அதுக்கப்புறமும் மூணு வருஷம்னீங்க. பத்து வருஷம் ஆகப்போகுது சார்!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டினார், "ரிமோட்டக் குடு." கொடுத்தேன். அவருக்குப் பின்னால் ஓட்டத் தெரியவில்லை, படம் நின்றுவிட்டது, நான்தான் வாங்கி மறுபடி அந்த இடத்தில் விட்டேன். மறுபடி வாசித்தேன். மூணு வருஷம்னீங்க, அப்புறம் மூணு வருஷம்னீங்க. "இன்னொரு தடவ போடு." மூன்றாவது தடவை போட்டேன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே சொன்னார், திரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக. "ரெண்டு வருஷம்னாங்க. அப்புறம் இன்னொரு ரெண்டு வருஷம்னாங்க."

மூணு என்பது ரெண்டு ஆகிவிட்டது, நடுவர் அவர்களே. தம்மாம் கான்ட்ராக்ட் இரண்டு வருஷம். முதல் தடவை போனபோது அம்மாவிடம் இரண்டு வருஷம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக் கடன் அடையட்டும் என்று இன்னொரு இரண்டு. தங்கச்சி கல்யாணம் என்று இன்னொரு இரண்டு. இப்படியே 11 வருஷம். சமையல்கட்டில் இருந்த அம்மா அந்த நேரம் பார்த்து வெளியே வந்து நின்றதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் படமும் தெரியாது, ஹாங்காங்கும் தெரியாது, அந்த வரி மட்டும் தெரிந்தது.

இப்போது நண்பரைக் கேட்கிறேன். பாஸ்டன் படத்தில் இந்த வரி எங்கே? டிகாப்ரியோ பிரமாதமாக நடித்தார், நடுங்கினார், மாத்திரை போட்டார், அடித்தார், அடி வாங்கினார். ஆனால் அந்தப் பத்து வருஷம் அவருக்கு இல்லை. அவருக்குப் பயம் இருக்கிறது, டோனி லியுங்குக்குக் களைப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்று இல்லை. மூலம் 101 நிமிஷம், மறுஆக்கம் 151 நிமிஷம். கூடுதலாக ஐம்பது நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பத்து வருஷத்தைத் தொலைத்துவிட்டார்கள். அந்த ஐம்பது நிமிஷத்தில் ரவுடித் தலைவனாக வரும் ஜாக் நிக்கல்சனுக்கு நிறைய இடம் கிடைத்தது, போலீஸ் அதிகாரியாக வரும் மார்க் வால்பெர்க்குக்கு வசவு பேச இடம் கிடைத்தது. பாஸ்டன் ஐரிஷ்காரர்களின் உலகத்தை, வைட்டி பல்ஜர் என்ற நிஜமான தாதாவின் சாயலை ஸ்கார்செஸி கொண்டுவந்தார், அதை நான் மதிக்கிறேன். ஆனால் என் அப்பா அந்தப் படத்தைப் பார்த்தபோது, ஆமாம், அதையும் எடுத்துவந்து போட்டுக் காட்டினேன், அதையும் வாசித்துச் சொன்னேன், ரிமோட்டைக் கேட்கவே இல்லை.

மேலதிகாரி சாகும் இடத்தையும் பாருங்கள். பாஸ்டனில் மார்ட்டின் ஷீன் மேலிருந்து விழுகிறார், ரத்தம் தெறிக்கிறது, அதிர்ச்சி. ஹாங்காங்கில் வோங் ஒரு டாக்ஸியின் மேல் விழுகிறார், கேமரா டோனி லியுங்கின் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. தன்னைத் தெரிந்திருந்த கடைசி மனிதர் போய்விட்டார் என்பது அந்த முகத்தில் மெல்ல இறங்குகிறது. 2003-இல் ஹாங்காங் திரைப்பட விருதில் அவருக்குச் சிறந்த நடிகர் விருதும், படத்துக்குச் சிறந்த பட விருதும் சும்மா கொடுக்கவில்லை.

முடிவுக்கு வந்தால், பாஸ்டனில் துரோகியை வால்பெர்க் வந்து சுட்டுவிடுகிறார், கணக்குத் தீர்ந்தது, ஜன்னல் பக்கம் ஒரு எலி ஓடுகிறது. மூலத்தில் துரோகி சாவதில்லை. மின்தூக்கியில் நல்லவன் செத்துக் கிடக்க, ஆண்டி லாவ் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வெளியே வருகிறார், வாழ்கிறார். படத்தின் சீனப் பெயரே பௌத்தம் சொல்லும் அவீசி நரகத்தைக் குறிப்பது, இடைவெளியே இல்லாத நரகம். அங்கே சாவு வராது, அதுதான் தண்டனை. சீனாவின் உள்நாட்டில் காட்டுவதற்காக அவர் பிடிபடுவது போல வேறு ஒரு முடிவையே எடுத்தார்கள் என்றால், இந்த முடிவு எவ்வளவு உறுத்தியிருக்கிறது என்று பாருங்கள்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா, அந்த ஞாயிற்றுக்கிழமையை முடித்துவிடுகிறேன்.

கடைசி மொட்டைமாடிக் காட்சி. இரண்டு பேரும் நேருக்கு நேர். ஒருவன் துப்பாக்கியை நீட்டி, நான் போலீஸ் என்கிறான். நான் வாசித்தேன், "மன்னிச்சிரு, நான் போலீஸ்." மற்றவன் கேட்கிறான். அதையும் வாசித்தேன், "யாருக்குத் தெரியும்?"

அப்பா சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்ல ஆரம்பித்தார். ஊருக்கு வந்த அடுத்த மாதம் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். வெளிநாட்டில் இருந்த வருஷங்களில் எப்போதோ அவர் பெயரை நீக்கியிருந்தார்கள். எங்களுக்குத் தெரியும், பெயர் சேர்ந்துவிட்டது என்று மட்டும் வந்து சொன்னார். நாலு தடவை நடந்தார் என்பதைச் சொல்லவில்லை. மூன்றாவது தடவை, "நான் இந்த ஊர்தான் சார், பொறந்ததே இங்கதான்" என்றிருக்கிறார். அங்கே இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டாராம், "அது யாருக்குத் தெரியும்?"

"வெயில்ல வெளிய வந்து நின்னுட்டேன்டா. யாரப் போய்க் கூட்டிட்டு வர்றதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சவங்க பாதிப்பேர் இல்ல, பாதிப்பேருக்கு என்ன அடையாளம் தெரியல."

11 வருஷத்தில் அப்பா என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் திரையைப் பார்த்தேன், எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது, நான் வாசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அம்மா வந்து இரண்டு டம்ளரில் காப்பியை வைத்துவிட்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார், "இப்ப என்னடா சொல்றான்? படி."