கேட்ஸ்பியோட பச்சை லைட்டும் மஞ்சள் காரும்

(ஸ்க்ரீன்: இருட்டு, தூரத்துல ஒரு பச்சைப் புள்ளி)

வணக்கம் மக்களே. 1925ல வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல்ல பச்சை லைட்டுன்னா கனவு, அவ்ளோதான்னு எல்லா நோட்ஸ்லயும் எழுதி முடிச்சிடுவாங்க. தப்பில்ல, ஆனா அதை எழுதின ஃபிட்ஸ்ஜெரால்ட் மனுஷன் அதோட விடல.

கதை நடக்குறது 1922 சம்மர், நியூயார்க்கை ஒட்டின லாங் ஐலண்ட்ல. தண்ணிக்கு இந்தப் பக்கம் ஹீரோ கேட்ஸ்பியோட மாளிகை, அந்தப் பக்கம் அவனோட பழைய காதலி டெய்ஸி வீடு, அவ வீட்டு படகுத்துறை நுனில ராத்திரி பூரா ஒரு பச்சை லைட்டு எரியும், அதைப் பாத்து கையை நீட்டிட்டு நிக்குறான் நம்மாளு. அவளுக்கு கல்யாணமாகி கொழந்தையே இருக்கு, அதெல்லாம் கணக்குலயே இல்ல.

அஞ்சாவது சாப்டர்ல அவளே நேர்ல வந்துட்டா. இவன் கெட்டப்பைப் பாருங்க, வெள்ளை சூட்டு, சில்வர் சட்டை, தங்கக் கலர் டை, சம்பாதிச்ச காசை மொத்தமா மேல மாட்டிட்டு வந்த மாதிரி! அப்புறம் பக்கத்துல நிக்குறவகிட்டயே, பனி மட்டும் இல்லன்னா உன் வீட்டு லைட்டு தெரியும்ங்கறான். சொல்லி முடிச்சதும் அந்த லைட்டோட மவுசே போச்சு. ஆளே கைக்கு எட்டின பிறகு அது வெறும் பல்புதானே, மாயமா இருந்த பொருள்கள்ல ஒண்ணு குறைஞ்சுதுன்னு கதை சொல்ற நிக் கணக்குப் போடுறான். எனக்கு நாவல்லயே வலிக்குற இடம் இதுதான், கேட்ஸ்பி சாகுறது கூட இவ்ளோ வலிக்கல.

(ஸ்க்ரீன்: சாம்பல் மேடு, ரோட்டுல ஒரு கார்)

இப்ப மஞ்சள். கேட்ஸ்பி கார் முதல்ல வர்றப்போ நிக் கண்ணுக்கு அது க்ரீம் கலர், அப்புறம் பாத்தா எல்லாரும் மஞ்சள் காருங்கறாங்க. நியூயார்க் போற வழில சாம்பல் கொட்டிக் கிடக்குற பள்ளத்தாக்கு ஒண்ணு, அங்க விளம்பர போர்டுல இருக்கற கண் டாக்டர் எக்கிள்பர்க்கோட மூக்குக்கண்ணாடியும் மஞ்சள்தான். அந்த ரோட்டுலதான் டெய்ஸி அந்தக் காரை ஓட்டிட்டு வந்து, அங்க கராஜ் வச்சிருக்கறவன் பொண்டாட்டி மிர்ட்டிலை அடிச்சுட்டு நிறுத்தாம போறா, பழியை கேட்ஸ்பி ஏத்துக்குறான், மிர்ட்டில் புருஷன் இவனைத்தான் தேடி வந்து சுடுறான்.

இதுல நிறைய பேர் தாண்டிப் போற ஒரு வரி இருக்கு. விபத்தைப் பாத்த பக்கத்து காபிக்கடைக்காரன் மிக்கேலிஸ் முதல்ல வந்த போலீஸ்கிட்ட காரோட கலர் என்னன்னு சொன்னான் தெரியுமா? வெளிர் பச்சை! இன்னொருத்தர் வந்துதான் மஞ்சள்னு திருத்துறாரு. இருட்டிட்டு வர்ற நேரம், கண்ணு ஏமாந்துடுச்சு, சரி, ஆனா இத்தனை கலர் இருக்க ஃபிட்ஸ்ஜெரால்ட் பச்சையை எடுத்தது சும்மான்னு நான் நம்ப மாட்டேன், நீங்க நம்புனா கமெண்ட்ல சண்டைக்கு வாங்க.