பூவே தீவுக்குக் கரை எது?

அவையோருக்கு வணக்கம்.

மதுரையைச் சுற்றி நிலம் அளப்பவருக்கு யானைமலை ஒரு வரப்பிரசாதம். தொலைவிலிருந்தே தெரியும், நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். தென் அட்லாண்டிக்கின் பூவே தீவில் இரண்டுமே கிடைக்காது. பரப்பு 49 சதுர கிலோமீட்டர்; அதில் 93 விழுக்காடு பனிக்கட்டி. பெயர்தான் பூவே, முளைப்பதென்னவோ பாசியும் லைக்கனும்.

1739 ஜனவரி 1 அன்று பூவே என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர் இதைக் கண்டார். தீவா, பெருநிலத்தின் முனையா என்றறியாமலே திரும்பினார். குறித்த அட்சரேகை ஏறத்தாழச் சரி. தீர்க்கரேகை பல பாகை கிழக்கே போய்விட்டது. அட்சரேகைக்கு உச்சிவெயிலில் சூரியனின் உயரத்தை அளந்தால் போதும். தீர்க்கரேகைக்கோ புறப்பட்ட துறைமுகத்தின் நேரம் கையில் வேண்டும். உள்ளூர் நேரத்தோடு 4 நிமிட வித்தியாசம் வந்தால் 1 பாகை. மதுரையில் அது 110 கி.மீ., பூவேயில் 65 கி.மீ. ஆடும் கப்பலில் பிசகாத கடிகாரம் அன்று இல்லை. வேகம், திசை இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். நீரோட்டம் இழுத்துச் சென்ற தூரம் அதில் சேராது. பின்னால் வந்த ஜேம்ஸ் குக்கிடம் நல்ல கடிகாரம் இருந்தது. ஆனால் தேடிய இடமே தவறு, தீவு அகப்படவில்லை!

1825இல் தீவில் இறங்கிய பிரிட்டிஷ் கப்பல் தலைவர் நாரிஸ், அருகே தாம்சன் என்றொரு தீவையும் பதிவு செய்தார். அப்படி ஒன்று கிடையாது. 1898இல் ஜெர்மானிய வால்டிவியா கப்பல்தான் பூவேயின் இடத்தை உறுதி செய்தது: தெற்கு 54°26′, கிழக்கு 3°24′.

இடம் சரி, கரை எது? வண்டியூர்க் கண்மாயை வரைபவர் தண்ணீர் விளிம்பையா வரைகிறார்? கரையைத்தானே! பூவேயில் பல இடங்களில் பனிதான் கடலுக்கு மேல் சுவராக நிற்கிறது. அது உடைந்து விழ விழக் கோடு நகரும். ஆகவே பாறைக் கரைக்கு ஒரு கோடு, பனி விளிம்புக்கு வேறு கோடு. கோடு வரைய உதவிய வான்படம் எடுத்த தேதி, வரைபடத்தின் ஓரத்தில் கட்டாயம். உயரத்திலும் இதே சிக்கல். ஜிபிஎஸ் தருவது பனியின் மேற்பரப்பு. அடியிலுள்ள பாறைக்கு ரேடார் வேண்டும். இரு கோணங்களில் எடுத்த இரட்டைப் படங்களை ஒப்பிட்டு உயரம் கணிக்கும் மென்பொருளுக்கு, அடையாளமில்லாத வெள்ளைப் பரப்பில் பிடிமானம் கிடைக்காது. இல்லாத பள்ளமும் மேடும் முளைக்கும்.

பாறைக் கரையையும் முழுதாக நம்ப முடியாது. 1955க்கும் 1958க்கும் இடையே மலை சரிந்து நீரொய்சா என்ற மேடை புதிதாக உருவானது. அங்கே 1996இல் நார்வே ஓர் ஆய்வுக்குடில் வைத்தது. 2007இல் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் குடிலைக் காணோம்.