காசநோய்க் கிருமி நம் காவல் செல்களைத் தன்னிடம் வரவழைப்பது ஏன்?

(திரையில்: மருந்துக்கடை அலமாரி. கஷாயப் பொடி, சத்துமாவு, டானிக் பாட்டில்கள்.)

குரல்:

வணக்கம். கொரோனாவுக்குப் பிறகு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே வாசகம் கண்ணில் படுகிறது: ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’. கஷாயப் பொடியிலும் அது இருக்கிறது, பிஸ்கட் பாக்கெட்டிலும் இருக்கிறது. கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற கணக்கு நம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது.

காசநோயிடம் அந்தக் கணக்கு செல்லாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரையும் இந்தக் கிருமி வீழ்த்துகிறது, அது மிதமிஞ்சிப் பொங்குகிறவரையும் வீழ்த்துகிறது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆய்வகங்களில் நடந்த சில சோதனைகள் இதை விளக்கியிருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்த வீடியோ. நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம், 2023-இல் உலகம் முழுவதும் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கும் மேல் இந்தியாவில் இருப்பவர்கள்.

(திரையில்: நுரையீரலின் நுண்ணறைகள். ஒரு நுண்துளி உள்ளே இறங்குகிறது.)

நோயாளி இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளில் மிகச் சிறியவை நுரையீரலின் அடியாழம் வரை போய்விடுகின்றன. ஒரு துளியில் ஓரிரு கிருமிகள் இருந்தாலே போதும். அங்கே காவலுக்கு இருப்பவை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள். வெளியிலிருந்து எது வந்தாலும் விழுங்கி, அமிலத்தில் கரைத்து, கதையை முடிப்பது அவற்றின் வேலை. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அங்கேயே ஒழிந்துபோகும். காசநோய்க் கிருமியோ விழுங்கப்பட்ட பிறகும் உள்ளேயே உயிரோடு இருந்து பெருகுகிறது.

அடுத்து, கிருமி புகுந்த செல்லைச் சுற்றி மேலும் விழுங்கு செல்கள் வந்து சேர்கின்றன. பல செல்கள் நெருக்கிப் பின்னிக்கொண்டு ஒரு முடிச்சாகின்றன. மருத்துவர்கள் இதைக் கிரானுலோமா என்பார்கள். பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் இதைப் பற்றிப் படித்தது ஒன்றுதான்: கிரானுலோமா என்பது கிருமியை அடைத்துப் பூட்ட உடல் எழுப்பும் சுவர். அந்தச் சுவர் இருக்கும்வரை நமக்குப் பாதுகாப்பு.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தச் சுவர் எழும்பும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் நேரில் பார்த்ததில்லை. இறந்தவர்களின் நுரையீரலிலிருந்து வெட்டியெடுத்த திசுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள். அதில் தெரிவது உறைந்துபோன ஒரு கணம் மட்டுமே. முதல் நாள் என்ன நடந்தது, மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று அது சொல்லாது.

(திரையில்: கண்ணாடித் தொட்டியில் நீல வரிகள் ஓடும் சிறு மீன்கள்.)

இந்த மீனைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ‘ஜீப்ரா’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கங்கைச் சமவெளியின் ஓடைகளும் வயல் வாய்க்கால்களும் இதன் சொந்த ஊர். முட்டையிலிருந்து வெளிவரும் இதன் குஞ்சு முதல் சில நாட்கள் கண்ணாடிபோல இருக்கும். உள்ளே இதயம் துடிப்பதும் ரத்தம் ஓடுவதும் நுண்ணோக்கியில் அப்படியே தெரியும்.

காசநோயை ஆராயும் லலிதா ராமகிருஷ்ணன் இந்த மீனைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். பரோடாவில் மருத்துவம் படித்தவர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆய்வுக்கூடம் நடத்திவிட்டு, இப்போது கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்கிறார். சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை.

மீனுக்கு மனிதக் காசநோய் வராது. ஆனால் அந்தக் கிருமியின் நெருங்கிய உறவுக்காரக் கிருமி ஒன்று மீன்களைத் தாக்குகிறது. பெயர் மைக்கோபாக்டீரியம் மேரினம். மீன் தொட்டி கழுவுகிறவர்களின் கைவிரலில் சில சமயம் ஆறாத புண் வருமே, அது இதன் வேலைதான். குளிர்ந்த வெப்பநிலையை விரும்புவதால் மனித உடலில் தோலைத் தாண்டி அது உள்ளே போவது அரிது. மீனுக்குள்ளோ காசநோயைப் போலவே கிரானுலோமாவை உண்டாக்குகிறது.

(திரையில்: நுண்ணோக்கிக் காட்சி. ஊடுருவித் தெரியும் மீன்குஞ்சு, அதன் அருகே கண்ணாடி ஊசியின் முனை.)

சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மீன்குஞ்சின் நீளம் சில மில்லிமீட்டர்தான். மயக்க மருந்து கலந்த நீரில் அது அசையாமல் கிடக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அதன் ரத்தக்குழாயிலோ மூளையின் பின்புறக் குழியிலோ கிருமிகளைச் செலுத்துகிறார்கள். கிருமிகளுக்குள் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை முன்கூட்டியே புகுத்தியிருப்பதால் அவை ஒரு நிறத்தில் மின்னும். விழுங்கு செல்கள் வேறொரு நிறத்தில் மின்னும். பிறகு மணிக்கணக்கில் படம் பிடிக்கிறார்கள்.

முதல் வியப்பு 2002-இல் வந்தது. இந்த வயதில் மீன்குஞ்சுக்கு, குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு எதிர்ப்பை நடத்தும் டி செல்களும் இல்லை, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களும் இல்லை. அவை தயாராகச் சில வாரங்கள் ஆகும். இருப்பவை விழுங்கு செல்கள் போன்ற பிறவிக் காவலர்கள் மட்டுமே. டி செல் இல்லாமல் கிரானுலோமா உருவாகாது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. இங்கே சில நாட்களிலேயே உருவாகிவிட்டது.

இரண்டாவது வியப்பு 2009-இல் வந்தது. என் பார்வையில் அதுதான் பெரியது. கிருமி நிறைந்த ஒரு விழுங்கு செல் சாகிறது. உடனே அக்கம்பக்கத்திலிருந்து புதிய செல்கள் விரைந்து வருகின்றன. செத்த செல்லின் மிச்சத்தை அவை விழுங்குகின்றன, அதோடு உள்ளிருக்கும் கிருமிகளையும் விழுங்குகின்றன. செத்தது ஒன்று, கிருமி ஏறியவை பல. அவற்றில் சில அங்கேயே தங்குகின்றன. வேறு சில அந்த முடிச்சைவிட்டு நகர்ந்து, உடலின் இன்னொரு பகுதிக்குப் போய் அங்கே புதிய முடிச்சைத் தொடங்குகின்றன. அடைத்து வைக்கும் சுவர் என்று நாம் நம்பியது, அந்தத் தொடக்க நாட்களில், கிருமி பல்கிப் பரவும் இடமாக இருந்திருக்கிறது.

செல்கள் தாமாகவா இப்படி வந்து குவிகின்றன? இல்லை, கிருமி வரவழைக்கிறது. அதன் மரபணுத் தொகுப்பில் ஆர்டி 1 என்றொரு பகுதி உண்டு. அதிலிருந்து உருவாகும் இசாட்-6 என்ற புரதம் பக்கத்திலுள்ள திசுவின் மேற்பரப்புச் செல்களைத் தூண்டி, எம்எம்பி-9 என்ற நொதியைச் சுரக்கவைக்கிறது. அந்த நொதி புதிய விழுங்கு செல்களை இழுத்து வருகிறது. 2010-இல் இது வெளியானது. ஆர்டி 1 பகுதியை நீக்கிய கிருமியை மீனுக்குள் விட்டால் முடிச்சும் சரியாக உருவாவதில்லை, கிருமியும் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை.

(திரையில்: குழந்தையின் இடது தோளில் பிசிஜி தழும்பு.)

இந்த ஆர்டி 1-க்கும் நம்மில் பலரின் தோளில் இருக்கும் தழும்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரான்சின் லீல் நகரில் கால்மெத், கெரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1908 முதல் 1921 வரை மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் 230 தடவைக்கும் மேல் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். நோய் தரும் வீரியம் அதற்குப் போய்விட்டது. அதுதான் பிசிஜி தடுப்பூசி. அந்த வளர்ப்பின்போது கிருமி இழந்த பகுதிகளில் முக்கியமானது ஆர்டி 1 என்று மரபணு ஆய்வுகள் பிற்காலத்தில் கண்டறிந்தன. ஆள் பிடிக்கும் கருவி பறிபோன கிருமி அது. இன்றைய காசநோய் ரத்தப் பரிசோதனைகள் இசாட்-6-ஐத் தேடும் டி செல்களைப் பார்க்கின்றன. பிசிஜி போட்டவருக்கும் உண்மையில் தொற்று உள்ளவருக்கும் வேறுபாடு தெரிவது அதனால்தான்.

பிசிஜி பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து நன்றாகக் காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா? 1968-இல் நம் செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த மாபெரும் ஆய்வு இல்லை என்று பதில் சொன்னது. பதினைந்து ஆண்டுகள் கண்காணித்த பிறகும் அந்தப் பதில் மாறவில்லை.

(திரையில்: ஒரு விழுங்கு செல்லின் உட்புறம். மைட்டோகாண்ட்ரியா சிவப்பாக ஒளிர்கிறது.)

இப்போது முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம். விழுங்கு செல்களை உசுப்பிவிடும் ஒரு சமிக்ஞைப் புரதம் இருக்கிறது. பெயர் டிஎன்எஃப். அது குறைந்தால் என்ன ஆகும் என்பதை மனிதர்களிடமே பார்த்துவிட்டோம். மூட்டுவாதத்துக்காக டிஎன்எஃப்பை முடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து வந்த சில ஆண்டுகளில், அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-இல் ஓர் அறிக்கை வெளியானது. பலருக்கு அது உள்ளே உறங்கிக் கிடந்த கிருமி. இன்று இந்த வகை மருந்தைத் தொடங்கும் முன் மருத்துவர் காசநோய்ப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது அதனால்தான். தயவுசெய்து அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

டிஎன்எஃப் அதிகமானால்? இங்கேதான் மீன் மீண்டும் உதவியது. எல்டிஏ4ஹெச் என்ற மரபணு டிஎன்எஃப்பின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. அது குறைவாக வேலை செய்யும் மீனில் கிருமி பெருகியது. அதிகமாக வேலை செய்யும் மீனிலும் கிருமி பெருகியது. நடுத்தரமான மீன்தான் தாக்குப்பிடித்தது. குறைந்த நிலையில் விழுங்கு செல்லால் கிருமியை அடக்க முடியவில்லை. உள்ளே கிருமி நிரம்பி வழிந்து செல் வெடித்தது. மிகுந்த நிலையில் நடந்தது வேறு. அளவுக்கு மிஞ்சிய டிஎன்எஃப், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடுக்கி வீரியமிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கொட்டவைக்கிறது. முதலில் அவை கிருமிகளைக் கொல்கின்றன. சில மணி நேரத்தில் விழுங்கு செல்லையே கொன்றுவிடுகின்றன. தப்பிய கிருமிகள் வெளியே சிந்துகின்றன. செல்லுக்கு வெளியே அவற்றைத் தடுப்பார் யாரும் இல்லை. கயிறு திரித்தாற்போல் நீளநீளமாக வளர்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் சொல்வது, ஒரு செல்லுக்குள் நொடிக்கு நொடி நடக்கிறது.

மீனில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா? மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் மிகக் கொடியது. வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. காசநோய் மாத்திரைகளோடு, எதிர்ப்பாற்றலை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் கொடுத்தார்கள். அது இல்லாத குழுவில் நூற்றுக்கு 41 பேர் இறந்தனர். கொடுத்த குழுவில் 32 பேர். எதிர்ப்பாற்றலை அடக்கியதால் உயிர் பிழைத்திருக்கிறார்கள்! அந்த நோயாளிகளின் மரபணுவை மீன் ஆய்வுக் குழுவும் வியட்நாம் மருத்துவர்களும் சேர்ந்து பார்த்தபோது, 2012-இல் ஒரு விளக்கம் கிடைத்தது. எல்டிஏ4ஹெச் மிகுதியாக வேலை செய்யும் வகை மரபணு உள்ளவர்களுக்கே ஸ்டீராய்டு பெரிதும் கைகொடுத்திருந்தது. குறைவான வகை உள்ளவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பின்னர் இந்தோனேசிய நோயாளிகளிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்களுக்கு மக்கள், நோயின் கட்டத்துக்குக் கட்டம், இது மாறக்கூடும்.

(திரையில்: நடுவில் குரங்கின் நுரையீரல் ஸ்கேன் படங்கள், பக்கம் பக்கமாக.)

‘அப்படியானால் எதிர்ப்பாற்றலே வேண்டாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். ஆனால் எந்தச் செல், எந்த இடத்தில், எப்போது என்பது முக்கியம். 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே பழைய பிசிஜியைத் தோலில் போடாமல் ரீசஸ் குரங்குகளின் ரத்தக்குழாயில், மிக அதிக அளவில், செலுத்தினார்கள். பிறகு காசநோய்க் கிருமியை நுரையீரலுக்குள் விட்டார்கள். பத்துக் குரங்குகளில் ஒன்பது நன்கு பாதுகாக்கப்பட்டன. ஆறில் தொற்றின் சுவடே இல்லை. கிருமி வருமுன்பே நுரையீரல் திசுவுக்குள் டி செல்கள் நிறையக் குடியேறியிருந்தன. முடிச்சு உருவாகி, செல்கள் குவிந்து, கிருமி பரவத் தொடங்கிய பிறகு வந்து சேரும் டி செல்லுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. உயிருள்ள கிருமியை ரத்தத்தில் ஏற்றும் இந்த முறையை நாளையே மனிதருக்குக் கொண்டுவர முடியாது. எதைக் குறிவைத்துத் தடுப்பூசி செய்ய வேண்டும் என்பதற்கு இது வழிகாட்டுகிறது.

(திரையில்: சிறு மாத்திரை அட்டை, அதன் பின்னால் செல்லின் வரைபடம்.)

டிஎன்எஃப் மிகுந்த செல் சாகும் பாதையை ஆய்வாளர் பிரான்சிஸ்கோ ரோகாவும் லலிதா ராமகிருஷ்ணனும் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் தொடங்கும் சமிக்ஞை செல்லின் வேறு உறுப்புகளுக்குப் போய், கால்சியத்தைச் சுமந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கே திரும்பி வந்து அதை உடைக்கிறது. பாதை தெரிந்துவிட்டால் மறிக்க இடமும் தெரியும். மனச்சோர்வுக்குத் தரப்படும் டெசிப்ரமின் ஓரிடத்தில் மறிக்கிறது. 2022-இல் வெளியான ஆய்வில் இன்னொரு பெயர் வந்தது, நம் வீடுகளில் பழகிய பெயர்: மெட்ஃபார்மின். சர்க்கரை நோய்க்கான அதே மாத்திரை, மைட்டோகாண்ட்ரியாவில் அந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உருவாகும் இடத்திலேயே தடுத்து, மீனிலும் ஆய்வகத்தில் வளர்த்த மனித விழுங்கு செல்லிலும் செல் சாவதை நிறுத்தியது.

இதைக் கேட்டு யாரும் காசநோய்க்காக மெட்ஃபார்மினைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். டிஎன்எஃப் குறைந்தவருக்கு இந்த வழி பொருந்தாது. யார் எந்தப் பக்கம் என்று ஆய்வகத்துக்கு வெளியே, ஒரு சாதாரண மருத்துவமனையில், எளிதாகக் கண்டறியும் பரிசோதனை முதலில் வேண்டும். ஆனாலும் இந்த வழியில் இவ்வளவு பேர் உழைப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கிருமியைத் தாக்கும் மருந்துக்குக் கிருமி பழகிவிடுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அப்படித்தான் வந்தது. நம் செல்லைச் சாகாமல் காக்கும் மருந்தை ஏமாற்றுவது கிருமிக்கு அவ்வளவு எளிதல்ல. ஆறு மாத மாத்திரைகளை ஒழுங்காக முடித்து, கிருமி முழுவதும் ஒழிந்த பிறகும், தழும்பேறிய நுரையீரலோடு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சேதத்தில் பெரும்பங்கு கிருமி நேரடியாகச் செய்ததல்ல, பொங்கிய எதிர்ப்பாற்றல் செய்தது. கிருமிக்கு நான்கு மருந்துகள் எழுதும் சீட்டில் அந்த நுரையீரலுக்கும் ஒரு மருந்து எழுத வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வாளர்கள் தேடுவது.