மணி அடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், நடுவர் ஐயா

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்களே, எங்கள் அணி அக்கா, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய கையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் செவ்வாய்ப்பேட்டைத் தாய்மார்களே, தட்டுவடை செட்டுக் கடையை விட்டு நகராமல் அங்கே நின்றபடியே கேட்கிற தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு மனிதனுக்கு மதிப்பு கூடுகிறதா, குறைகிறதா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவர். குறைகிறது என்று வெளுத்து வாங்கினார். அது கவிதை எழுதுகிறது, எக்ஸ்ரே படம் பார்க்கிறது, தூங்குவதில்லை, போனஸ் கேட்பதில்லை, "1997லேயே செஸ் சாம்பியன் கஸ்பரோவைக் கம்ப்யூட்டர் ஜெயிச்சிடுச்சு தங்கச்சி, அப்புறம் நீ என்ன பேச வந்திருக்கே?" என்று என்னைப் பார்த்தே கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், மறைக்கவில்லை.

அண்ணன் சொன்ன எதையும் நான் மறுக்கப் போவதில்லை. வழக்கமாக எங்கள் பக்கம் பேசுகிறவர்கள், "இயந்திரத்துக்கு அம்மாவின் தாலாட்டு வருமா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வரும் ஐயா. தாலாட்டும் எழுதும், ஒப்பாரியும் எழுதும், ராகம் வேண்டுமென்றால் அதையும் போட்டுத் தரும். திறமையில் அதோடு மல்லுக்கட்டினால் நமக்குத் தோல்விதான். 2016இல் கோ என்கிற பலகை விளையாட்டின் பெரும்புள்ளி லீ சீடால் கம்ப்யூட்டரிடம் நாலுக்கு ஒன்று என்று தோற்றார், அதையும் நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

சரி, கஸ்பரோவ் தோற்றதோடு செஸ்ஸைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டோமா? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம்ம சென்னைப் பையன் குகேஷ், 18 வயசு, உலக சாம்பியன் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். எதிரே உட்கார்ந்திருந்த டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். பையனுக்கு அது புரிந்த நொடியில் முகம் மாறியதையும், ஜெயித்த பிறகு அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கியதையும் எத்தனை வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம்! முன்வரிசை அத்தை கைப்பைக்குள் இருக்கிற ஃபோனில் ஒரு செஸ் புரோகிராமை இறக்கினால் அது அந்த இரண்டு பேரையும் ஜெயிக்கும். ஆனால் அந்த ஃபோன் ஜெயித்தது என்று யாராவது லட்டு கொடுத்தோமா? டிங் லிரெனுக்கு அந்த ஒரு நகர்த்தலில் பட்டமே போனது. ஃபோனுக்குப் போக என்ன இருக்கிறது? சார்ஜ் போகும்.

இங்கேதான் ஐயா எங்கள் கட்சி. இழக்க ஏதாவது இருக்கிறவன் கொடுக்கிற வாக்குக்குத்தான் எடை. தப்பாகப் போனால் "நான்தான் சொன்னேன்" என்று எழுந்து நிற்க ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. போன வருஷம் அம்மா பேரனுக்குப் பள்ளிக்கூடத்து ஃபீஸ் 8,000 ரூபாயை ஃபோனிலேயே அனுப்பினார். அம்மா கணக்கில் கழிந்துவிட்டது, அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. எந்த வங்கி என்று கேட்காதீர்கள், எல்லா வங்கியும் இப்போது ஒன்றுபோலத்தான் பேசுகின்றன. ஆப்பில் ஒரு சாட் பெட்டி. என்ன தட்டினாலும் "உங்கள் சிரமம் புரிகிறது. ஐந்து வேலை நாட்களில் பணம் திரும்பிவிடும்" என்றே வருகிறது. அதுவும் சுத்தமான தமிழில், ஒற்றுப்பிழை கூட இல்லை. நாலைந்து தரம் படித்துவிட்டு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"புரியுதுங்குதே, யாருக்குடி புரியுதாம்?"

நான் படித்த எம்.எஸ்ஸி.க்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் கிளைக்கே போனோம். கவுன்டரில் ஒரு சின்னப் பையன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவனும் அதே ஐந்து நாள் பாட்டைத்தான் பாடினான். அம்மா நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அவன் ஒரு செலானைக் கிழித்துப் பின்பக்கத்தில் தன் பெயரையும் ஃபோன் நம்பரையும் எழுதி, "மூணு நாள்ல வரலைன்னா என்னைக் கேளுங்கம்மா" என்று நீட்டினான். அன்றைக்கு ராத்திரிதான் அம்மா தூங்கினார். மூன்றாம் நாள் பணம் வரவில்லை, அவனே கூப்பிட்டான், "இன்னும் வரலைம்மா, நான் மறுபடி எழுதிப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான். பணம் ஐந்தாம் நாள் வந்தது.

அண்ணன் சிரிக்கிறார், ஏனென்று தெரியும். பெட்டி சொன்னதுதான் நடந்தது, பையன் சொன்ன தேதி தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செலான் இன்னமும் எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி மூடிக்குள் செருகி, சீரக வாசனையோடு இருக்கிறது. "அந்தத் தம்பிதான் வாங்கிக் கொடுத்துச்சு" என்பார் அம்மா. தானாகத் திரும்பி வந்த பணம் அது என்று எத்தனை தரம் விளக்கினாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பணம் வராமலே போயிருந்தால் போய் நிற்க அவருக்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

இது வயசானவர்களின் மனசு சமாதானம், இதைப் போய் மதிப்பு என்பதா? அப்படியென்றால் கனடாவுக்கு வாருங்கள். 2022இல் பாட்டி இறந்துபோன ஒருவர் ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட்டிடம் துக்கச் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். முதலில் டிக்கெட் எடுங்கள், 90 நாளைக்குள் விண்ணப்பித்துக் கழிவை வாங்கிக்கொள்ளலாம் என்றது அது. நம்பி எடுத்தார். பிறகு கேட்டால் எங்கள் விதியில் அப்படி இல்லை என்றார்கள். விஷயம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே நிறுவனம் என்ன வாதம் வைத்தது தெரியுமா? சாட்பாட் தனி ஆள் மாதிரி, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற தோரணையில் ஒரு வாதம்! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டு, சுமார் 800 கனடா டாலர் கொடு என்று நிறுவனத்திடம்தான் சொன்னது. பின்னே, சாட்பாட்டின் சட்டைப்பையிலிருந்தா எடுக்க முடியும்?

எங்கள் அப்பாவுக்குச் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. வெள்ளியை உருக்கிக் கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்து, மெருகு போட்டு முடித்ததும் கடைசியாகக் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டுவார். அவர் பெயரின் இரண்டு எழுத்து, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். இப்போது டிசைனைக் கம்ப்யூட்டர் போடுகிறது, எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்பதை மெஷின் நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது, அப்பாவே அந்தச் சீட்டைத்தான் நம்புகிறார். ஒருமுறை பற்றுப்பொடி கூடிப்போய் ஒரு கட்டுக் கொலுசு முழுக்க டச் குறைந்து திரும்பி வந்தது. கண்டுபிடித்தது மெஷின். கொண்டுவந்த வியாபாரி மெஷினிடம் போகவில்லை, அந்த இரண்டெழுத்தைத் தேடிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார். அப்பா பேசாமல் வாங்கி, மொத்தத்தையும் உருக்கிப் போட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி கிடையாது. எனக்கு அப்போது கோபம்தான்.

மனிதர்கள் எல்லாரும் அப்படியா, எத்தனை ஆபீஸில் "நாளைக்கு வாங்க" என்று விரட்டுகிறார்கள் என்று அண்ணன் கேட்பார். நியாயம்தான். ஆனால் விரட்டுகிறவனைத் திட்டவாவது முடியும், வாசலில் மறிக்கவாவது முடியும். இப்போது அவனும் ஒரு புது மந்திரம் படித்துவிட்டான், "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது". எங்கே போனாலும் சிஸ்டம் காட்டுகிறது, ஆள் முகத்தைக் காட்டுவதில்லை. சீசன் முடிகிற வாரத்தில் கடைசிக் கூடை மல்கோவாவுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று இந்தக் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். செலான் பின்னால் பெயர் எழுதிக் கொடுக்கிற பையன்களும் அப்படித்தான் அருகிக்கொண்டே வருகிறார்கள். இதில் மதிப்பு எப்படி ஐயா குறையும்?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு விஷயம். நேற்று ராத்திரி அந்த ஏஐயிடமே எங்கள் அணி வாதத்தைக் கொடுத்து யார் பக்கம் தீர்ப்பு என்று கேட்டேன். சந்தேகமே இல்லை, உங்கள் அணிக்குத்தான் என்றது. சந்தோஷமாகப் படுத்தேன். காலையில் எதிரணி அண்ணனிடம் சொன்னால், "அட, நானும் கேட்டேனே, எங்களுக்குத்தான்னு சொல்லிச்சு" என்கிறார். அதற்கென்ன, ரெண்டு பேரையும் குளிர வைத்துவிட்டுப் போய்விட்டது. நீங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, தோற்ற அணிக்காரர்களின் வீட்டு வாசல் வழியாகத்தான் ஐயா பஸ் ஏறப் போகணும். வணக்கம்.